எம்டன் தாத்தாவும் கறையான் தின்ற கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது எங்கள் தெருவில் எனக்குத் திடீர் மவுசு. வீட்டில் பிரிண்டர் இருக்கிறது, ஆள் ரிட்டயர்டு, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோய்விட்டது. "சார், பழைய லிஸ்ட்ல எங்கப்பா பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று பால் பாக்கெட் வாங்கப் போகும்போதே பிடித்துக்கொள்வார்கள். 2002, 2005 பட்டியல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அப்பா பெயர் கோவிந்தன் என்றால் மகனுக்கு ஓர் இடத்தில் இனிஷியல் கோ., இன்னோர் இடத்தில் ஜி. வீட்டு எண்ணைப் பார்த்தால் அது பழைய எண்ணா புதிய எண்ணா என்று ஒரு குழப்பம். அந்த வருஷம் வியாசர்பாடியில் வாடகைக்கு இருந்தோமா, அதற்குள் புளியந்தோப்புக்கு வந்துவிட்டோமா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் என் வீட்டு வாசலிலேயே சண்டை.

இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் சொந்த அப்பாவைக் கண்டுபிடிக்கவே இந்தப் பாடு. இதற்கு நடுவில் எதிர்வீட்டுப் பையன், கல்லூரியில் படிக்கிறான், ஒரு நாள் வந்து கேட்டான்: "தாத்தா, எங்க வம்சத்தையே ஒரு சார்ட்டா போடலாம்னு இருக்கேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த சென்சஸ்ல பேரெல்லாம் இருக்கும்ல, அதுலேர்ந்து எடுத்துடலாமா?" வெளிநாட்டுக்காரர்கள் அப்படி எடுப்பதை ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். அவனுக்கு நான் சொன்ன பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். பெரிதாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் நான் கேட்கிற இரண்டு விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் சென்சஸ். நம் நாட்டில் முதல் முறை தலை எண்ணியது 1872-ல், நாடு முழுக்க ஒரே சமயத்தில் எண்ணியது 1881-ல். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு முறை, 1941-ல் போர் நடந்துகொண்டிருந்தபோதும்கூட, 2021-ல் கொரோனாவால் தள்ளிப்போகும் வரை விடாமல் எடுத்தார்கள். வீடு வீடாக வந்து பெயர், வயசு, சாதி, தொழில், தாய்மொழி எல்லாம் கேட்டு எழுதத்தான் எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய தாள்களைக் கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டு முடிந்ததும் ஒழித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது அட்டவணைகள்தான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1931-ஆம் வருஷத்துச் சென்னை மாகாண அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன், ஈட்ஸ் என்கிற வெள்ளைக்கார அதிகாரி தயாரித்தது. சென்னை நகரத்தில் மட்டும் சுமார் 6.47 லட்சம் பேர். இதில் விதவைகள் எத்தனை, கண் தெரியாதவர்கள் எத்தனை, தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனை, எல்லாம் இருக்கிறது. பதினாறு வயசுப் பையனாக என் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார், ஏதோ ஒரு கட்டத்தில் ஓர் ஒன்றாக. எந்த ஒன்று என்றுதான் தெரியாது.

இங்கிலாந்தில் எழுதின தாளையே நூறு வருஷம் பூட்டிவைத்துவிட்டு அப்புறம் திறந்துவிடுகிறார்கள். 1921-ல் எழுதியதை 2022 ஜனவரியில் திறந்தார்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். அமெரிக்காவில் 72 வருஷக் கணக்கு; 1950-ல் எழுதியது 2022 ஏப்ரல் 1 அன்று வெளியே வந்தது. அங்கேயும் எல்லாமே தப்பவில்லை. இங்கிலாந்தின் 1931 தாள்கள் 1942-ல் தீயில் போயின, அமெரிக்காவின் 1890 தாள்கள் 1921-ல் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் பாழாயின. சரி, அது விபத்து. இங்கே வேலை முடிந்தது என்று தெரிந்தே தூக்கிப் போட்டார்கள்.

அதனால் அந்தப் பையனிடம், "தம்பி, சென்சஸை மறந்துடு, பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பிடி" என்றேன். அதைப் பிடிக்க நான் பட்ட பாட்டை இனிமேல் சொல்கிறேன்.

எங்கள் தாத்தாவுக்கு மூன்று பிறந்த நாள். பள்ளிக்கூடச் சான்றிதழில் 1-7-1916. ஜாதகத்தில் ஆனந்த வருஷம் புரட்டாசி மாதம். தேதியும் நட்சத்திரமும் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. மூன்றாவது, பாட்டி வாயால் சொல்வது: "எம்டன் குண்டு போட்டப்ப பொறந்த மனுஷன், வேற எப்படி இருப்பாரு?"

பள்ளிக்கூடத் தேதி வாத்தியார் வைத்தது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டுவிட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது என்று கணக்கு, வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே தேதி. இதில் தாத்தாவுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ரயில்வேயில் இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கினார், அந்தப் பணத்தில்தான் சின்ன அத்தை கல்யாணமே நடந்தது. ஜாதகத்தில் இருக்கும் ஆனந்த வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வரும். 1854, 1914, 1974. இதில் நடுவில் உள்ளதுதான் தாத்தாவுக்குப் பொருந்தும். புரட்டாசி என்றால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிக்குள். முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று நூற்றுச் சொச்சம் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு இன்னும் கல்வெட்டு இருக்கிறது, கொஞ்சம் தில்லான ஆளை நாம் "சரியான எம்டன்" என்று சொல்வதும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். ஆக மூன்று சாட்சியில் பூச்சி அரித்ததும் பாட்டி வாய்வார்த்தையும் ஒத்துப்போயின. அரசாங்க முத்திரை இருந்த தாள்தான் தப்பு.

கொள்ளுத்தாத்தா மண்ணடியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். குடித்தனம் பக்கத்துச் சந்தில். அதனால் குழந்தை பட்டணத்தில்தான் பிறந்திருக்கும் என்று நம்பி, பட்டணத்துப் பதிவில் 1912-லிருந்து 1917 வரை தேடச் சொல்லி மனுக் கொடுத்தேன். பதிவு இல்லை என்று ஒரு தாள் வந்தது. அதுவும் ஒரு ஆவணம்தானே என்று கோப்பில் போட்டுவைத்தேன். அதோடு இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பொங்கலுக்குப் போனபோது சின்ன அத்தை, வயசு எழுபத்தைந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "எம்டனுக்குப் பயந்து பட்டணமே காலியாச்சாம்டா. எங்க பாட்டி நெறமாசமா இருந்தவ, அப்படியே ரயில் ஏறி திண்டிவனம் போயி, அங்கேர்ந்து மாட்டு வண்டியில தாய் வீட்டுக்குப் போயிட்டாளாம். தலைப்பிரசவம் வேறயா, எப்படியும் அங்கதான போகணும்."

என் மண்டையில் யாரோ நறுக்கென்று குட்டினது போலிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நமக்குத் தெரியாதா? பிறப்பைப் பதிவது அப்பா குடியிருக்கும் ஊரில் இல்லையே, குழந்தை பிறந்த ஊரில்தானே. வீட்டுக்கு மூத்த பிள்ளையைத் தேடுகிறவர்கள் தயவுசெய்து அம்மாவின் பிறந்த ஊரில் போய்த் தேடுங்கள். இந்தச் சின்ன விஷயம் உறைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதுவது கிராம முன்சீப்பின் வேலை. சென்னை மாகாணத்துக்கென்று 1899-லேயே இதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரேயடியாக எடுத்துவிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டார்களே, அப்போது பரம்பரையாகப் பெரிய வீட்டுப் பரணில் கிடந்த கணக்குக் கட்டுகள் எல்லாம் கைமாறின. எல்லாம் வந்து சேர்ந்ததா, வழியில் எது தொலைந்தது என்று இப்போது யாரைக் கேட்பது? நான் போன அலுவலகத்தில் ஒரு பக்க அறையில், சிவப்புத் துணியில் சுற்றி, வருஷத்தைப் பேனாவால் எழுதி அடுக்கிவைத்திருந்தார்கள். அங்கிருந்தவர் நல்ல மனுஷர், முகம் சுளிக்காமல் 1914-ஐ எடுத்து அவிழ்த்தார்.

பழுப்பேறிய தாள், கட்டைப் பேனா எழுத்து, ஓரம் தொட்டால் உதிர்கிறது. செப்டம்பர் 28, திங்கட்கிழமை. குழந்தையின் பெயர் என்ற கட்டம் காலி. பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பதிந்துவிடுவார்கள், அப்புறம் யாரும் வந்து நிரப்புவதில்லை, அந்தப் பக்கத்தில் இருந்த ஒன்பது குழந்தைக்கும் பெயர் இல்லை. குழந்தையின் பெயரைப் போட்டுத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது, தகப்பன் பெயரைப் பிடித்துத்தான் போக வேண்டும். ஆண். தகப்பன் பெயர் சரியாக இருந்தது, பக்கத்தில் "மதறாஸ் மண்டிக் கணக்கு" என்று தொழில். கடைசிக் கட்டத்தில் தகவல் கொடுத்தவர்: பெண்ணின் தகப்பனார், பெயர், கீழே கைநாட்டு. என் கொள்ளுப்பாட்டியின் அப்பா பெயர் எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அன்றுதான் தெரிந்தது. மசி கொஞ்சம் அதிகமாகத் தோய்த்துவிட்டார் போலிருக்கிறது, ரேகை தெரியாமல் ஒரு கரும்புள்ளியாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் "சார், மதியம் ஆவுது" என்று சொல்லும் வரை.

ஆசை யாரை விட்டது? அதே சூட்டோடு 1918 கட்டையும் கேட்டேன். கொள்ளுத்தாத்தா இறந்தது காளயுக்தி வருஷம் ஐப்பசியில், தாத்தாவுக்கு அப்போது நாலு வயசு. ஊரெல்லாம் இன்புளுவென்சா போட்டுத் தாக்கின வருஷம் அது. மாமனார் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார் என்பார்கள். துணியை அவிழ்த்தால் உள்ளே தாள் இல்லை, மண். கறையான் புற்று. நடுவில் கையகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் தப்பியிருந்தது. அதில் ஆறு வரி. பெயர்ப் பக்கம் போய்விட்டது, காரணம் எழுதிய பக்கம் இருந்தது. ஆறிலும் ஜுரம், ஜுரம், ஜுரம். இறப்புப் பதிவிலிருந்து நகல் கொடுக்கும்போது சாவுக்கான காரணத்தைத் தெரிவிக்கக் கூடாது என்று 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது, அதனால் இதையெல்லாம் மூலப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. "நான் வேலைக்கு வந்தப்பவே இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இதே சமயத்தில் எழும்பூர் காப்பகத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். தமிழ் பேச வராது, நெற்றி நிறையத் திருநீறு. கையில் அவருடைய முப்பாட்டன் கப்பலேறியபோது எழுதின பட்டியலின் நகல். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றிப் போனார்கள், நிறையப் பேர் கரும்பு வெட்டத்தான். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் என்ன அடையாளம். இவருடைய முப்பாட்டனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தா கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குச் சொல்ல ஆளில்லை. ஊரை விட்டுக் கூலியாகப் போனவனுக்கு ரெக்கார்டு இருக்கிறது, ஊரோடு இருந்தவனுக்கு இல்லை. அக்கறையில் எழுதினது இல்லை அது, ஓடிப்போனால் பிடித்துக்கொண்டு வர வேண்டுமே, அதற்காக. மொரீஷியஸில் மோகா என்ற ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அப்படிப் போனவர்களின் போட்டோவே வைத்திருக்கிறார்கள். கங்காணி பேச்சை நம்பி மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் பாடுதான் இன்னும் மோசம், இவ்வளவு விவரமான பட்டியல் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. டர்பன்காரருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. நார்த் ஆற்காடு, சிங்கிள்பட் என்று ஜில்லா புரிகிறது, கிராமத்தின் பெயரைக் கேட்டு எழுதின வெள்ளைக்காரன் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டான். முதலியாரே அங்கே மூட்லி ஆகிவிட்டார், கவுண்டர் கோவெண்டர் ஆகிவிட்டார், கிராமம் மட்டும் தப்புமா? நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயரை வாய்விட்டுப் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்ததில் பக்கத்து மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து முறைத்தார்.

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1680-ல் எலிஹு யேல் கல்யாணம் செய்துகொண்டதும், 1753-ல் ராபர்ட் கிளைவ் செய்துகொண்டதும் பதிவில் இருக்கிறது. நம் ஆள் கல்யாணத்துக்கு எங்கே போவது? கிறிஸ்தவக் குடும்பங்களுக்காவது ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு என்று கோயிலில் இருக்கும். மற்றவர்களுக்கு நான் சொல்லும் வழியைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்: மொய் நோட்டு. தாத்தாவின் கல்யாண மொய் நோட்டு பித்தளை அண்டாவுக்குள் கிடந்தது. நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி. "ஒலக்கூர் சின்ன மாமனார் 5 ரூ", "தாய்மாமன் அரைப் பவுன்", "மண்டி முதலாளி 10 ரூ", "பெரம்பூர் லோகோ சிநேகிதர்கள் சேர்ந்து வெள்ளிக் கிண்ணம்". ஊரும் உறவுமுறையும் போடாமல் மொய் எழுத மாட்டார்கள், திருப்பிச் செய்ய வேண்டுமே! அந்த ஒரு நோட்டில் எங்களுக்குத் தெரியாத பதினோரு ஊரில் சொந்தம் இருந்தது தெரிந்தது. அப்புறம் குலதெய்வக் கோயிலில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள் இல்லையா, அந்த வரி நோட்டு. எந்த வருஷம் எந்தக் குடும்பம் எத்தனை தலைக்கட்டாகப் பிரிந்தது என்று அதில் பச்சையாகத் தெரியும், பங்காளி யார் மாமன் மச்சான் யார் என்பதும் தெரியும். அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்கிற வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர் வாயிலேயே இருக்கும். கேட்டு எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், பேரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான் என்பார்கள். கோவிந்தன் மகன் ராமசாமி, ராமசாமி மகன் கோவிந்தன், அந்தக் கோவிந்தன் மகன் மறுபடி ராமசாமி. ஆக, கோ. ராமசாமி என்று ஒரு குடும்பத்தில் இரண்டு பேர். எதிர்வீட்டுப் பையன் தன் சார்ட்டில் இப்படி இரண்டு ஆளை ஒரே ஆளாக ஆக்கி, அவருக்கு 118 வயசு வரை ஆயுள் கொடுத்திருந்தான்.

பெண்களைத் தேடுவது இதைவிடக் கஷ்டம். பழைய காகிதங்களில் அவர்கள் இன்னார் பெண்சாதி, இன்னார் மகள், அவ்வளவுதான். 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலின்போது தன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்ற சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து எடுத்தே விட்டார்கள், அது பெரும்பாலும் வடக்கே. நம் பக்கம் பெண்கள் பெயர் பத்திரத்தில் கிடைக்கும். தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, கிரையம், எதுவாக இருந்தாலும் எழுதிக்கொடுக்கிறவர் யார் மகள், யார் மனைவி, வயசு என்ன என்று போட்டாக வேண்டும். வில்லங்கச் சான்று 1975-லிருந்து இணையத்திலேயே பார்க்கலாம், அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். நான் அப்படி ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்ததில், கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுக்கு இரண்டாம் தாரத்து மகன் ஒருவர் இருந்ததும் அவருக்கு ஒன்றரைக் காணி கொடுத்து அனுப்பியதும் தெரியவந்தது. அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஏண்டா, உனக்கு வேற வேலையே இல்லையா? அதை ஏன் இப்ப கிளர்ற?" என்றார். அப்படியென்றால் அத்தைக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்துச் சென்சஸ் நடக்கப்போகிறது. 1931-க்கு அப்புறம் முதல் முறையாக எல்லாருடைய சாதியையும் கேட்டு எண்ணப்போகிறார்கள். இந்தத் தடவை காகிதம் இல்லை, கைப்பேசியில் பதிகிறார்கள். நாமே நம் விவரத்தைப் பதியவும் வழி வைத்திருக்கிறார்கள். மூட்டை மூட்டையாகத் தாளை எங்கே வைப்பது என்ற சாக்கு இனிமேல் செல்லாது. 1948-ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டப்படி நாம் கொடுத்த விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. அது இருக்கட்டும், அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? நான் கேட்பது, அழிக்காமல் நூறு வருஷம் பூட்டிவையுங்கள், 2127-ல் திறந்துகொள்ளட்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு. சாதியும் அதில் இருக்குமே என்று என் நண்பர் ஒருவர் பதறினார். நூறு வருஷம் கழித்தும் அதைத் தேடித்தான் ஒருத்தன் பார்ப்பான் என்றால், அது அந்தக் காலத்து ஜனங்களின் தலையெழுத்து.

இரண்டாவது, 1970-க்கு முந்தைய கிராமப் பதிவேடுகள். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு குறையும் இல்லை, பிறப்புச் சான்றிதழை வீட்டிலிருந்தே எடுக்கிறோம், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர, பாஸ்போர்ட் வாங்க எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். பழசுதான் நாதியற்றுக் கிடக்கிறது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லலாம் என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. தேடுவதற்குப் பதிவேடு இருக்க வேண்டாமா? ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கும் கட்டுகளை அவிழ்த்து, உள்ளது உள்ளபடி ஸ்கேன் செய்து, தகப்பன் பெயரையும் ஊரையும் மட்டும் தட்டச்சு செய்தால்கூடப் போதும், மீதியைத் தேடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இது என்னைப் போல் வேலையில்லாத கிழவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் அசாமைப் பார்க்கலாம். அங்கே 1951-ஆம் வருஷத்துக் குடிமக்கள் பதிவேட்டிலும் 1971 மார்ச் வரையிலான வாக்காளர் பட்டியல்களிலும் தாங்கள் இந்தியக் குடிமக்கள்தான் என்று காட்ட அப்பன் தாத்தன் பெயரைத் தேடி ஜனங்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள், 2019 ஆகஸ்டு 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் சுமார் 19 லட்சம் பேர் பெயர் இல்லை.

அந்த அலுவலகத்துக்கு நான் கடைசியாகப் போனது ஒரு ஆனி மாதம். 1919, 1920 கட்டுகளைக் கேட்டுப் பார்த்தேன், கறையான் அந்தத் தட்டுக்கு இன்னும் ஏறவில்லை, எழுத்து நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் தட்டுக்கு நேர் மேலே கூரையில் ஒழுகல், கட்டுகளின் மேல் ஒரு பழைய பெயிண்ட் வாளியை வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் அது நிறைய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "நாள் கணக்கா? மதியானம் ஒரு தடவை ஊத்திட்டு வந்து வெச்சா, சாயங்காலம் மறுபடி ஊத்தணும் சார். ஞாயித்துக்கிழமை நான் வர மாட்டேன்" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை - 11